இந்தத் தொலைக்காட்சி உங்கள் வீட்டைச் சேர்ந்தது அல்ல

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இணையத்தில் வருகிற இந்தத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்குப் புதிதாக ஏதாவது கிடைக்கிறதா? இரண்டு வருடங்களுக்கு முன்னர் அந்தப் பெரிய பெட்டியை நீ வாங்கிவந்து சுவரில் மாட்டிய அன்று உன்னிடம் இதைக் கேட்டவள் நான். நீ வாய் திறப்பதற்கு முன்பே “ஒன்றுமில்லை” என்று பதிலையும் நானே சொன்னேன். போன வெள்ளிக்கிழமை நீ அதே கேள்வியை வேறு விதமாக என்னிடம் கேட்டாய். அப்போதும் ஒன்றுமில்லை என்றேன். இன்றைக்குக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்திருக்கிறது. இதைத் தொலைபேசியிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். முடியாது. நான் உன்னோடு கதைக்கும்போது என் தங்கச்சி, உன் சாச்சி, எதிரே தையல் மெஷினில் இருந்துகொண்டு என் உதட்டை வாசித்துவிடுவாள். இந்தக் கடிதம் அவளைப் பற்றியது.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று முதலில் சொல்கிறேன். அசர் தொழுகைக்குப் பிறகு சாச்சி வந்து பெட்டியைப் போட்டாள். உன் கணக்கைத் திறந்தால் வழக்கமாக வருகிற முகங்கள் வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி: இந்தத் தொலைக்காட்சி உங்கள் வீட்டைச் சேர்ந்தது அல்ல. சாச்சி அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். நான் வாசித்துவிட்டு உன் வாப்பாவைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “மகன் மருதமுனைக்கு மாப்பிள்ளையாப் போய் மூணு மாசம். இதுக்கு இப்பதான் தெரிஞ்சிரிக்கி போல” என்றார். அவருக்கு அது பகிடி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் நீ போன் எடுத்தாய்.

“உம்மா, வீடு எது எண்டு கேக்குது. ஒரு வீட்டத்தான் போடலாமாம். உங்கட வீட்டப் போடவா, இங்கத்தய வீட்டப் போடவா?”

“அங்கயே போடு.”

“அப்ப உங்களுக்கு வராது. பாக்கிறல்லயா?”

“இதுல புதுசா ஒண்டுமில்ல, மகன். வெட்டி விடு.”

நீ வெட்டிவிட்டாய். சொன்னதைச் செய்கிற பிள்ளை நீ, உன்மேல் பிழை இல்லை.

ஒரு வீட்டைத்தான் போடலாம் என்பது எனக்குப் புதிய கேள்வி அல்ல. பிரதேச செயலகத்தில் புள்ளிவிபரப் பிரிவில் வேலை பார்க்கிறவளுக்கு அது தினசரிச் சோறு. சனத்தொகைக் கணக்கெடுப்புக் காலத்தில் இந்தக் கரை முழுவதும் வீடு வீடாகப் போயிருக்கிறேன். ஒரே உலையில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு வீடு, ஒருவரை ஓரிடத்தில்தான் எழுதலாம் என்பது எங்களுக்குத் தந்த விதி. அதைக் கொழும்பில் இருந்து எழுதினவர்களுக்கு நம் ஊர் மாப்பிள்ளைமாரைத் தெரியாது. கல்யாணம் முடிந்து பெண்வீட்டுக்குப் போன மகன் இரவில் அங்கே தூங்குவான், பகல் சோற்றுக்கு உம்மா வீட்டில் நிற்பான். நான் கேட்கிற முன்பே உம்மாமார் அவன் பெயரைச் சொல்லிவிடுவார்கள். “அவர அங்க எழுதியாச்சு உம்மா” என்பேன். “எழுதினா எழுதட்டும், இங்கயும் எழுதுங்க, சோறு இங்கதானே திங்கிறான்” என்று என்னோடு சண்டை பிடித்த உம்மாமார் இருக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். படித்த பெண்ணான எனக்கு அந்தச் சண்டை விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றபோது விளங்கியது. ஆனால் அதற்காக நீ இந்த வீட்டைப் போடவேண்டும் என்று நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடு.

நான் ஒன்றுமில்லை என்று சொன்னது வீம்புக்கும் அல்ல. இந்த இரண்டு வருடங்கள் நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முன்பு கிழமைக்கு ஐந்து நாள் இழுத்த மாமியார் சண்டையை இப்போது எட்டுத் துண்டாக வெட்டி ஒரே நாளில் தருகிறார்கள். சண்டை அதே சண்டை. உங்களுக்காகத் தெரிந்தெடுத்தது என்று ஒரு வரிசை வரும். நேற்று நான் பார்த்ததைப் போல இன்னொன்றை எனக்கு நீட்டுவதற்குப் பெயர் தெரிவு என்றால், முந்தி பஸார் வீதியில் வீடியோக் கடை வைத்திருந்த மனிதர் இதைவிடக் கெட்டிக்காரர். “அத எடுக்காதீங்க டீச்சர், ரெண்டாவது பாதி குப்பை” என்று தன் கடைச் சாமானையே அவர் பழிப்பார். நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை என்பது வேறு. இந்தத் தளம் எந்தப் படத்தையும் குப்பை என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு, உலகத்தில் உள்ள நாடெல்லாம் அதில் இருக்கிறது. கொரியா இருக்கிறது, ஸ்பெயின் இருக்கிறது. நாம் கதைப்பது போலக் கதைக்கிற ஒரு சனத்தை நான் இன்னும் அதில் காணவில்லை. இலங்கைத் தமிழர் என்று ஒருவரைக் காட்டினால் அவர் வாயைத் திறந்ததும் உன் வாப்பா எழும்பிப் போய்விடுவார். இதெல்லாம் எனக்கு இன்றும் சரி என்றுதான் படுகிறது. ஒன்றையும் நான் திருப்பி எடுக்கவில்லை.

ஆனால் சாச்சியை நான் கணக்கில் எடுக்கவில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், மருமகள் நுஸ்ராவுக்குத் தெரியாது, நீ அவளுக்கு வாசித்துக் காட்டினால் விளங்கட்டும் என்று எழுதுகிறேன். பத்து வயதில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் தங்கச்சிக்குக் காது கேட்கவில்லை. அதற்கு முன்பே கதைக்கவும் வாசிக்கவும் பழகியிருந்ததால் இரண்டும் அவளிடம் தங்கிவிட்டன. குரல் மட்டும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக வரும். இந்த வீட்டில் அதிகம் வாசித்தவள் பல்கலைக்கழகம் போன நான் என்று ஊர் நினைக்கிறது. சீனி சுற்றிவருகிற கடதாசியையும் விரித்து வாசித்துவிட்டு அடுப்புக்குப் போடுகிறவள் அவள். அபாயா தைக்கக் கொடுக்க வருகிற பெண்களின் உதட்டைப் பார்த்தே அளவையும் எடுப்பாள், ஊர்ப் புதினத்தையும் எடுப்பாள். நேரே நின்று கதைக்கிற மனிதரோடு அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தொலைக்காட்சியில் இருப்பவர்கள்தான் அவளுக்கு நேரே நிற்க மாட்டார்கள். முதுகைக் காட்டிக்கொண்டு அழுவார்கள். யன்னலைப் பார்த்துக்கொண்டு கதைப்பார்கள். தமிழுக்கு மாற்றிய நாடகம் என்றால் உதடு ஒன்று சொல்லும், குரல் இன்னொன்று சொல்லும்.

எங்கள் வீட்டுக்கு முதலாவது தொலைக்காட்சி வந்த நாளில் இருந்து அவள் கேட்டுவந்த கேள்வி ஒன்றுதான். “என்ன சொன்னான்?” எல்லோரும் சிரிக்கும்போது கேட்பாள். எல்லோரும் கண்ணைத் துடைக்கும்போது கேட்பாள். “சும்மா, ஒண்டுமில்ல” என்போம். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவளுக்குச் சொல்ல அவள் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும், திருப்பினால் அடுத்த வசனம் நமக்குப் போய்விடும். பெட்டி நமக்காக நிற்காது. முடிந்த பிறகு சொல்லலாம் என்று நினைப்போம், முடிந்த பிறகு அவளும் கேட்க மாட்டாள். அவள் படத்தை மட்டும் பார்த்துத் தானாகவே கதை கட்டிக்கொண்டாள். ஒரு நாடகத்தில் குடும்பத்தைக் கெடுக்க வந்த வில்லனை, இரண்டு வருடமாக கதாநாயகியின் கூடப்பிறந்த மூத்த காக்கா என்று அவள் நம்பியிருந்தாள். அவன் செத்தபோது அவள் மட்டும் அழுதாள், நாங்கள் கைதட்டினோம்.

நீ பெட்டி வாங்கிவந்த இரண்டாவது கிழமை, கப்பல் கட்டுகிற ஒரு குடும்பத்தைப் பற்றிய துருக்கி நாடகத்தைப் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? கதைப்பது துருக்கி மொழி, கீழே தமிழ் எழுத்து ஓடும். சாச்சி காயவைத்த உடுப்பை மடிக்க வந்தவள் மடிக்காமல் நின்றுவிட்டாள். பிறகு அவள் சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் நாங்கள் அந்த வரியை வாசித்து முடித்தோம். நாற்பது வருடத்தில் அவள் எங்களை முந்திக்கொண்டு சிரித்தது அன்றைக்குத்தான். அந்த அறையில் துருக்கி மொழி தெரிந்தவர் யாரும் இல்லை. காது கேட்கிற எங்களுக்கும் அந்தச் சத்தத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. அங்கே எல்லோரும் வாசிக்கத்தான் வேண்டும், வாசிப்பதில் அவள்தான் வேகம். பக்கத்து வீட்டு ஹாஜரா ராத்தா எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வரி மறைந்துவிடும். சாச்சி அவளுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கினாள். அந்தச் சீரான குரலில், தாய் அழுவதையும் மகன் கத்துவதையும் ஒரே மாதிரி. ராத்தா சொல்வாள், “இவள் வாசிச்சாத்தான் எனக்கு அழுகை வருது, அந்தப் பொம்புளட அழுகையில வருதில்ல.” ஒருநாள் வாப்பா கதிரையில் கிடந்த ரிமோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார், சத்தம் நின்றுவிட்டது. முழுப் பாகமும் முடிகிற நேரம் அவர்தான் கேட்டார், “சத்தமே இல்லாம என்னத்தடி பாக்கிறீங்க?” நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அன்றில் இருந்து பெட்டியில் சத்தம் வைப்பதில்லை.

ஒருநாள் நான் வேண்டுமென்றே கேட்டேன், “இப்ப எல்லாம் விளங்குதுதானே, எப்படி இரிக்கி?” அவள் நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள், “இதத்தானா இவ்வளவு காலமும் கதச்சாங்க? நான் நினச்ச கதைகள் இதவிட நல்லம்.” நான் அதை உன்னிடம் சொல்லவில்லை. என் கட்சிக்கு அது நல்ல சாட்சி என்று மனதில் வைத்துக்கொண்டேன். அவள் அதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போகவில்லை, அடுத்த பாகத்தைப் போட்டாள் என்பதை நான் கவனிக்கவில்லை. நல்லம், நல்லமில்லை என்று தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு அவள் அன்றுதான் வந்திருந்தாள்.

இதற்காக அந்தத் தளத்தை நடத்துகிறவர்களுக்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. அந்த எழுத்து சாச்சிக்காக ஓடவில்லை. துருக்கி தெரியாதவர்களிடமும் சாமானை விற்க ஓடுகிறது. அதற்குச் சாட்சி, அதே தளத்தில் நாங்கள் தேடிப் பார்த்த தமிழ்ப் படங்களுக்குக் கீழே தமிழ் எழுத்து இல்லை, ஆங்கிலம்தான் இருந்தது. தன் சொந்த மொழிப் படத்துக்குள் அவளால் போக முடியவில்லை, துருக்கி வழியாகத்தான் போக முடிந்தது. யாரோ யாருக்கோ திறந்த கதவால் அவள் உள்ளே வந்துவிட்டாள். புதிது என்று சொல்ல எனக்கு இதுதான் கிடைக்கிறது. இதை அவர்கள் தந்தார்கள் என்று எழுதுவதா, இவள் எடுத்துக்கொண்டாள் என்று எழுதுவதா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

நீ வெட்டிய பிறகு என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை அசருக்குப் பிறகு வந்து கதிரையில் இருந்தாள். வாப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தாள். வாப்பா கையை உயர்த்தி “ஆ!” என்று கத்தினார். அவள் என் பக்கம் திரும்பினாள், வாய் திறக்கப் போனாள், பிறகு எழும்பி மெஷினுக்குப் போய்விட்டாள். ஞாயிறு வரவில்லை. ஹாஜரா ராத்தா வேலிப் பக்கம் நின்று, “என்ன, உங்கட டீவி மௌத்தாப் போய்த்தா, உசிர் இல்லயா?” என்று கேட்டாள். சாச்சி மெஷினில் இருந்தே அவள் உதட்டைப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளையோட போய்த்து” என்றாள். அந்தக் குரலில் கோபமா பகிடியா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எனக்குக் கண்டுபிடிக்கத் தேவையும் இருக்கவில்லை. ஒரு சொல்லில் நான் அவளைப் பழைய கதிரைக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என் வாயில் இருந்து வந்த சொல்லும் அதே பழைய சொல்தான்.

ஆகையால் மகன், இரண்டு விடயம். முதலாவது, நுஸ்ராவுடைய வீட்டையே உன் வீடாக வைத்துக்கொள். உம்மாவுக்குப் பாவம் என்று திருப்பி மாற்றிப் போடாதே. கட்டிய மூன்றாம் மாதத்தில் அந்தப் பிள்ளை தன் வீட்டுத் திரையில், இது உங்கள் வீடு அல்ல என்று வாசிக்கக் கூடாது. எங்களுக்கு நாங்களே ஒன்று எடுத்துக்கொள்வோம், சாச்சியின் பெயரில். எடுக்கத் தெரியாது, அதை மட்டும் வந்து காட்டித் தா.

இரண்டாவது உனக்குரியது. நீ இப்போது வேறொரு வீட்டின் நடுவில் இருக்கிறாய். அங்கே நாலு பெண்பிள்ளைகள், அவர்களுக்குள் பிறந்ததில் இருந்து ஓடுகிற கதை, பாதிச் சொல்லில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஏன் என்று விளங்காமல் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நீ இருந்திருப்பாய். நம் ஊர் மாப்பிள்ளைமார் எல்லோரும் அப்படி இருந்தவர்கள்தான். உன் வாப்பா இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் முழுக்க முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நீ கேட்கும்போது உன் பக்கம் முகத்தைத் திருப்பிச் சொல்கிறவர் அந்த வீட்டில் யார் என்று கவனித்துக்கொள், அவரை மறக்காதே. நாளைக்கு உன் பக்கத்தில் யாராவது, உன் மனைவியோ, உன் பிள்ளையோ, வயது போன உன் மாமனாரோ, என்ன சொன்னார்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லாதே. நமக்கு ஒரு வசனம் போனால் போகட்டும். இந்த வயதில் எனக்குத் தெரிந்த அறிவுரை இவ்வளவுதான், இதையும் நான் பிந்தித்தான் படித்தேன்.

வாப்பா சலாம் சொல்கிறார். தைத்த உன் சேட் இரண்டும் இங்கே இருக்கிறது.

உம்மா.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கடிதத்தை உறையில் போட்டு மேசையில் வைத்திருந்தேன். பின்னேரம் ஸ்கூட்டியில் நுஸ்ரா வந்து இறங்கினாள், தனியாக, ஒரு பையில் இறாலோடு. ஸலாம் சொல்லி முடிக்கவில்லை, “சின்ன மாமிக்குச் சுகமில்லயா?” என்று சாச்சியை விசாரித்தாள். ஏன் மகள் என்று கேட்டேன். “எங்கட டீவில அவங்கட பேர் இரிக்கிதானே மாமி. ஒவ்வொரு நாளும் அவங்க பாத்த அளவுக்கு அந்தக் கோடு கொஞ்சம் கொஞ்சம் நகரும். நான் பாத்துட்டே இருப்பன். ஒரு கிழமையா அந்தக் கப்பல்காரன் கடிதத்த உடைச்சு வாசிக்கப் போற இடத்திலேயே நிக்கிது. இவர்ட்டக் கேட்டா, உம்மாதான் வெட்டச் சொன்னாங்க எண்டாரு. அப்படி ஒரு இடத்தில ஆராவது நிப்பாட்டுவாங்களா?”

நான் இறாலைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தேன். திரும்பி வரும்போது அவள் பெட்டியைப் போட்டு, அந்தக் கறுப்புத் திரையில் இன்னும் எதையோ அமத்தி, உனக்குப் போன் எடுத்து, “உங்கட போனுக்கு ஒரு இலக்கம் வரும், சொல்லுங்க கெதியா” என்று அதட்டிக்கொண்டிருந்தாள். நீ சொன்னாய். நாங்கள் பயணத்தில் இருப்பவர்கள் என்று எழுதி, சில நாட்களுக்கு அது எங்களை உள்ளே விட்டது. சாச்சியை மெஷினில் இருந்து இழுத்துவந்து கதிரையில் இருத்தினாள் நுஸ்ரா. வேலிக்கு மேலால் ஹாஜரா ராத்தாவையும் கூப்பிட்டாள்.

“மாமி, சத்தம் வருதில்லயே?”

“தேவல்ல மகள். வாசி” என்றேன்.

கப்பல்காரன் கடிதத்தை உடைத்தான். சாச்சி ராத்தாவுக்காக வாசித்துக்கொண்டு போனாள். நடுவில் வீட்டுக்குப் பின்னால் கோழி கத்தியது. காது கேட்கிற நாங்கள் மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம். சாச்சி திரும்பவில்லை, கண் திரையில் இருந்தது, ஏதோ ஒரு வரிக்கு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். நுஸ்ரா அவசரமாக அவள் தோளைத் தட்டினாள்.

“சின்ன மாமி, என்ன சொன்னான்?”

சாச்சி முதலில் அவளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்சம் நேரம் எடுத்துப் பார்த்தாள்.

“சும்மா, ஒண்டுமில்ல” என்றாள்.

ராத்தா சிரித்துவிட்டாள். நான் கீழே பார்த்தேன். சாச்சி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். கப்பல்காரன் கடிதத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றான். அவள் நுஸ்ராவின் பக்கம் முழுவதுமாகத் திரும்பி இருந்து, அவன் சொன்னது அத்தனையையும், ஒரு சொல் விடாமல் சொன்னாள்.